ஆற்றையும் அளக்கலாம்!

பத்தாம் வகுப்பு மாணவி

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆற்றில் போடுவதை அளக்கலாம். ஆனால் அந்த ஆற்றையே அளக்க முடியுமா? முடியும். அளக்கிறார்கள். ஒரு நாள் ஓட்டத்தை மட்டுமன்று, ஓர் ஆண்டு முழுவதும் ஓடிய நீரையும் கணக்கிட்டு, "இந்த ஆற்றில் இவ்வளவு, அந்த ஆற்றில் அவ்வளவு" என்று நாடு முழுவதற்கும் பட்டியல் போடுகிறார்கள்.

நம் மரக்காணம் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அளவு புதிதல்ல. பாத்தியில் கட்டிய நீர் உப்பு பூக்கும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று உப்பளத்தில் டிகிரி பார்க்கிறார்கள். வாரிக் குவித்த உப்பை மூட்டை மூட்டையாக எண்ணுகிறார்கள். ஆனால் பாத்தி நீர் ஓரிடத்தில் நிற்பது. ஆறோ நில்லாமல் ஓடுவது. காலையில் பார்த்த நீர் மாலையில் அங்கே இல்லை. அதை எப்படி அளப்பது? அளந்த கணக்கை ஆண்டுக்கு ஆண்டும் ஆற்றுக்கு ஆறும் எப்படி ஒப்பிடுவது? இவற்றை எனக்குத் தெரிந்த வரையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கன அடியும் டி.எம்.சி.யும்

செய்தித்தாளில் "அணைக்கு வினாடிக்கு 10,000 கன அடி நீர் வருகிறது" என்று படிக்கிறோம். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியில் அடங்கும் நீரே ஒரு கன அடி. அது ஏறத்தாழ 28 லிட்டர். நம் வீட்டுக் குடத்தால் இரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே வினாடிக்கு ஒரு கன அடி என்றால், கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு குடம் தண்ணீர் நம்மைக் கடந்து போகிறது என்று பொருள்.

இது ஓட்டத்தின் வேகக் கணக்கு. மொத்தமாகச் சேர்ந்த நீரைச் சொல்ல டி.எம்.சி. என்ற அளவு பயன்படுகிறது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஓர் ஆற்றில் வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் ஓடினால், மறுநாள் அதே நேரத்தில் சரியாக ஒரு டி.எம்.சி. ஆகியிருக்கும். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். பெருக்கிப் பாருங்கள், விடை வரும்.

தேங்காய் மட்டையும் நீரோட்டமானியும்

அளக்கும் தத்துவம் மிக எளிது. ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கினால் பரப்பு. எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

மார்கழி மாதத்தில் ஏரியின் கலங்கல் வாய்க்காலில் இதை நாங்கள் சில தோழியர் செய்து பார்த்தோம். வாய்க்காலின் அகலம் 2 மீட்டர். சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர். ஆகவே பரப்பு 0.6 சதுர மீட்டர். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சிகள் நட்டு, ஒரு தேங்காய் மட்டைத் துண்டை நடுநீரில் விட்டோம். அது 25 வினாடிகளில் அடுத்த குச்சியைக் கடந்தது. அதாவது வினாடிக்கு 0.4 மீட்டர். ஆனால் மேல்மட்ட நீர் ஓடும் வேகத்தில் அடிநீர் ஓடாது. தரையும் கரையும் அதைப் பிடித்து இழுக்கும். அதனால் மேல்மட்ட வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் 0.34 மீட்டர். இதைப் பரப்பால் பெருக்க, வினாடிக்கு ஏறத்தாழ 204 லிட்டர். கன அடியில் 7.2. அந்தச் சிறு வாய்க்காலில் வினாடிக்குப் பதினான்கு குடம் நீர் போய்க்கொண்டிருந்தது!

பேராற்றிலும் இதே முறைதான். கருவி மட்டும் வேறு. ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். படகிலிருந்தோ பாலத்திலிருந்தோ ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, நீரோட்டமானி என்ற கருவியை நீருக்குள் இறக்குவார்கள். காற்றில் சுழலும் காற்றாடி போல, நீரின் வேகத்துக்கேற்ப அதன் கிண்ணங்கள் சுழலும். எத்தனை சுற்று என்று எண்ணி வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். பொதுவாக மேல்மட்டத்திலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கு கீழே வேகம் பார்ப்பார்கள். ஏனெனில் அந்த இடத்து வேகம் மேலிருந்து கீழ் வரையுள்ள சராசரி வேகத்துக்கு மிக அருகில் இருக்கும். பிறகு எல்லாத் துண்டுகளின் ஓட்டத்தையும் கூட்டுவார்கள்.

ஒவ்வொரு மணி நேரமும் இப்படி இறங்கி அளப்பது இயலுமா? அதற்கும் வழி உண்டு. கரையில் அடையாளக் கோடுகள் இட்ட அளவுகம்பம் ஒன்று நிற்கும். "நீர் இந்தக் கோட்டில் இருந்தால் ஓட்டம் இவ்வளவு" என்று பலமுறை அளந்து ஒரு வரைபடம் தயாரித்து வைத்திருப்பார்கள். பிறகு கம்பத்தைப் பார்த்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பெருவெள்ளம் வந்து மணலை அரித்தாலோ, கொண்டுவந்து கொட்டினாலோ ஆற்றின் தரை மாறிவிடும்; பழைய வரைபடம் பொய் சொல்லும். மறுபடியும் அளந்து திருத்த வேண்டும்.

நம் நாட்டின் பெரிய ஆறுகளில் இப்பணியைச் செய்வது 1945இல் தொடங்கப்பட்ட மத்திய நீர் ஆணையம். அதன் நிலையங்களில் காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்த்துக் குறிக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் மணிக்கொரு முறை பார்க்கிறார்கள். பண்டிகை, விடுமுறை என்று ஆறு நிற்பதில்லை. ஆகவே அளப்பவருக்கும் ஓய்வில்லை.

ஒரு நாள் தவறினால்

ஒரு நாள் குறிக்காவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நம் பகுதி ஆறுகளை நினைத்துப் பாருங்கள். வடக்கே பாலாறு, தெற்கே சங்கராபரணியும் தென்பெண்ணையும். ஆண்டில் பல மாதங்கள் இவற்றில் மணல்தான் தெரியும். சில நாட்களில் மட்டும் கரை புரளும்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமாக நீர் திறந்துவிடப்பட்டது. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். 11,574 கன அடி வீதம் போனால் ஒரு டி.எம்.சி.க்கு ஒரு நாள் ஆகும். இந்த வேகத்திலோ இரண்டு மணி நேரம்கூட வேண்டியதில்லை! இத்தகைய ஆற்றில், ஓராண்டின் ஓட்டத்தில் பெரும்பகுதி நான்கைந்து நாட்களிலேயே போய்விடலாம். அந்த நாட்களில் அளவுகம்பம் அடித்துக்கொண்டு போனாலோ, குறிப்பவர் வர முடியாமற்போனாலோ, மற்ற 360 நாட்கள் ஒழுங்காகக் குறித்தும் பயனில்லை.

ஆற்றின் புத்தாண்டு ஜூன் 1

நமக்குச் சித்திரையில் புத்தாண்டு. பள்ளிக்கு ஜூன் மாதம். ஆற்றுக்கும் புத்தாண்டு ஜூன் 1ஆம் தேதிதான்! நம் நாட்டில் ஜூன் முதல் நாளிலிருந்து அடுத்த மே 31 வரையுள்ள காலத்தை "நீர் ஆண்டு" என்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. நம் கடற்கரைக்கு உரிய வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. டிசம்பர் 31இல் கணக்கை முடித்தால், மார்கழி மழையில் பெய்து தை மாதத்தில் ஆற்றில் வரும் நீர் அடுத்த ஆண்டின் கணக்கில் ஏறிவிடும். கோடையில் ஆறு வற்றியிருக்கும்போது கணக்கை முடித்துத் தொடங்குவதே முறை.

சராசரி என்னும் மயக்கம்

இனி ஒப்பிடுவதைப் பார்ப்போம். இதற்குக் காவிரியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் காவிரி நுழையும் எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் உள்ளது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் அங்கே நமக்கு 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும்.

2022–23 நீர் ஆண்டில் அங்கே 600 டி.எம்.சி.க்கும் அதிகமாக வந்தது. அடுத்த 2023–24இல் 100 டி.எம்.சி.யைக்கூட எட்டவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், ஆண்டுக்கு 300 டி.எம்.சி.க்கு மேல் வருகிறது. "நமக்கு உரியதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறதே!" என்று ஒருவர் சொல்லிவிடலாம். ஆனால் மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.தான். முதல் ஆண்டின் வெள்ளத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க இடமில்லை. 2023இல் குறுவைக்கு நீரின்றிப் பயிர் வாடியது. அக்டோபர் 10 அன்று மேட்டூர் அணையும் மூடப்பட்டது. வாடிய பயிருக்குச் சராசரியைக் காட்டி என்ன பயன்?

ஆகவே நீரியல் அறிஞர்கள் சராசரியை மட்டும் நம்புவதில்லை. அவர்கள் செய்வதை நம் பள்ளியின் காலை வழிபாட்டு வரிசையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வகுப்பு மாணவியரை உயரப்படி வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பவளை எடுத்துக்கொண்டால், பாதிப் பேராவது அவள் உயரமோ அதற்கு மேலோ இருப்பார்கள். அவளையும் தாண்டி, குட்டையானவர்கள் பக்கம் இன்னும் சற்று நகர்ந்தால், நூற்றுக்கு 75 பேர் தன்னைவிடக் குறையாத உயரமுள்ள ஒருத்தி நிற்பாள். மாணவியருக்குப் பதில் ஆண்டுகளை நிறுத்துங்கள். உயரத்துக்குப் பதில் அந்தந்த ஆண்டின் நீரை வையுங்கள். நடுவில் நிற்கும் ஆண்டின் நீர் 50 விழுக்காடு நம்பத்தக்க அளவு. மற்றது 75 விழுக்காடு நம்பத்தக்க அளவு. ஓர் ஆண்டு மட்டும் பெருவெள்ளம் வந்தால் சராசரி உயர்ந்துவிடும். ஆனால் வரிசையில் அது ஓரிடத்தைத்தான் பிடிக்கும்.

கிருஷ்ணா நதி நீரைப் பங்கிட்ட பச்சாவத் நடுவர் மன்றம் இப்படித்தான் செய்தது. 1894–95 முதல் 1971–72 வரை 78 ஆண்டுகளின் ஓட்டத்தைப் பார்த்து, 75 விழுக்காடு நம்பத்தக்க அளவு 2060 டி.எம்.சி. என்று 1973இல் முடிவு கூறியது. காவிரி நடுவர் மன்றமோ 2007 பிப்ரவரி 5ஆம் தேதியின் இறுதித் தீர்ப்பில் 50 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, காவிரிப் படுகை முழுவதற்கும் 740 டி.எம்.சி. என்று கணித்தது. அப்படியானால் இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு அதைவிடக் குறைவாகவும் வரக்கூடும். அப்படிக் குறையும் ஆண்டில் எல்லாருடைய பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அத்தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆண்டுக் கணக்கோடு மாதக் கணக்கும் வேண்டும். 177.25 டி.எம்.சி.யில் ஜூனுக்கு 9.19, ஆகஸ்டுக்கு 45.95 என்று மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூலையில் நாற்றுக்கு வேண்டிய நீர் ஜனவரியில் வந்து என்ன செய்வது? வீட்டுச் செலவுக்கான பணம் ஆண்டு இறுதியில் மொத்தமாக வந்தால் நம் அம்மா அடுப்பு மூட்டுவது எப்படி?

நைல் நதியும் ஏழு மெலிந்த பசுக்களும்

ஆண்டு ஓட்டத்தை அளந்து ஒப்பிடும் வழக்கம் மிகப் பழையது. எகிப்தின் கெய்ரோ நகரில், ரோடா என்ற தீவில், நைல் நதியின் மட்டத்தை அளக்க கி.பி. 861இல் கட்டிய கல்தூண் இன்றும் இருக்கிறது. வெள்ளம் எந்தக் கோடு வரை ஏறியது என்பதைப் பார்த்து, அவ்வாண்டு விளைச்சல் எப்படி, வரி எவ்வளவு என்று முடிவு செய்தார்கள்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட யோசேப்பின் வரலாறு நினைவுக்கு வருகிறதா? பார்வோன் கண்ட கனவில் கொழுத்த பசுக்கள் ஏழும் மெலிந்த பசுக்கள் ஏழும் வந்தன. அவை எங்கிருந்து ஏறி வந்தன தெரியுமா? நைல் நதியிலிருந்துதான்! ஏழு ஆண்டு வளமும் ஏழு ஆண்டு பஞ்சமும் ஆற்றிலிருந்தே வரும் என்பது அந்நாட்டு மக்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எகிப்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, நைலின் நீண்ட காலப் பதிவுகளை ஆராய்ந்து 1951இல் தம் முடிவை வெளியிட்டார். நல்ல ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதில்லை. கூட்டம் கூட்டமாக வர முனைகின்றன என்பது அவர் கண்டது. பின்னாளில் மண்டெல்பிராட் என்ற கணித அறிஞர் இதற்கு "யோசேப்பு விளைவு" என்றே பெயரிட்டார். ஐந்து, பத்து ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றின் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

ஆற்றுக்கு ஆறு

நாடு முழுவதும் ஒப்பிடும்போது கன கிலோமீட்டரில் கணக்கிடுகிறார்கள். ஒரு கன கிலோமீட்டர் என்பது 35.3 டி.எம்.சி. 1993இல் மத்திய நீர் ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஆண்டுச் சராசரி இது:

பிரம்மபுத்திரா – 537.24
கங்கை – 525.02
கோதாவரி – 110.54
கிருஷ்ணா – 78.12
காவிரி – 21.36

ஒரு பிரம்மபுத்திராவுக்கு 25 காவிரி! ஆந்திரத்துப் பெண்ணாற்றுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, காவிரி நீங்கலாக, கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் எல்லாம் சேர்ந்து 16.46 மட்டுமே. நம் பாலாறு, தென்பெண்ணை, வைகை, தாமிரபரணி எல்லாம் இந்தச் சிறு எண்ணுக்குள் அடக்கம். தென் அமெரிக்காவின் அமேசானோ, தனி ஓர் ஆறாகவே ஆண்டுக்கு 6000 கன கிலோமீட்டருக்கு மேல் கடலில் சேர்க்கிறது.

இந்தியா முழுவதற்கும் 1993இல் 1869 கன கிலோமீட்டர் என்றார்கள். 2019இல் 1999.2 என்றும், 2024இல் 2115.95 என்றும் வந்தது. ஆறுகள் பெருகிவிட்டன என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது! எடுத்துக்கொண்ட ஆண்டுகள் மாறின. செயற்கைக்கோள் தரும் விவரங்களைக் கொண்டு கணிக்கும் புது முறை வந்தது. 2024 கணக்கில் பூட்டான், நேபாள நாடுகளிலிருந்து வரும் நீரும் சேர்ந்தது. அளவுகோல் மாறினால் அளவும் மாறும். அதனால்தான் மேலே உள்ள பட்டியலில் எல்லா எண்களையும் ஒரே மதிப்பீட்டிலிருந்து எடுத்திருக்கிறேன்.

மற்றொன்றும் உண்டு. கடைசி நிலையத்தில் அளந்தது மட்டும் ஆற்றின் முழு நீர் அன்று. வழியில் வயலுக்கும் ஊருக்கும் எடுத்தது, அணையில் ஆவியானது ஆகியவற்றையும் கூட்டினால்தான் ஆறு உண்மையில் தந்தது எவ்வளவு என்று தெரியும். இல்லாவிட்டால் நிறையக் கொடுத்து ஓய்ந்த ஆற்றை "வறண்ட ஆறு" என்று சொல்லிவிடுவோம்.

கடைசியில் இருப்பவர் நாம்

ஆறுகள் முடியும் இடத்தில் வாழ்பவர்கள் நாம். "தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். காவிரித் தீர்ப்பின் 740 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கென்றும், 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதென்றும் ஒதுக்கியிருக்கிறார்கள். அது எதற்கு என்பதை நம் ஊராரைக் கேட்டால் சொல்வார்கள். மழை நீரும் ஏரிகளின் உபரி நீரும் வந்து கழுவெளியில் சேர்கின்றன. கடல் நீரும் உப்பங்கழி வழியாக உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் இடம் என்பதால்தான் அங்கே மீனும் இறாலும் வளர்கின்றன, தூர தேசத்துப் பறவைகள் வருகின்றன. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நல்ல நீர் வருவது குறைந்தால் உப்பு நீர் நிலத்தடியில் முன்னேறும். உப்பு, பாத்தியில் விளைந்தால் பிழைப்பு. குடிநீர்க் கிணற்றில் வந்தால் துன்பம். எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு நல்ல நீர் வந்தது என்ற கணக்கு இருந்தால்தான், நமக்கும் கொஞ்சம் விடுங்கள் என்று நாம் கேட்க முடியும். கணக்கில்லாதவனின் வழக்கு எடுபடாது.

அன்புத் தோழியரே! பெரிய கருவிகள் நம்மிடம் இல்லை. ஆனால் ஏரிப் படிக்கட்டில் எந்தப் படி வரை நீர் நிற்கிறது என்று வாரந்தோறும் குறிக்கலாம். நேரான ஒரு பாத்திரமும் அடிக்கோலும் இருந்தால், திறந்த வெளியில் வைத்து மழையை மில்லிமீட்டரில் அளக்கலாம். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அளவுகோல் என்பதுதான் விதி. நம் பள்ளியில் இதற்கென ஒரு பதிவேடு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பினர் அதை அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அருட்சகோதரியரும் பெற்றோரும் இதற்குத் துணை செய்வார்கள் என்று நம்புகிறேன். ஓராண்டுக் குறிப்பு வெறும் குறிப்பு. முப்பது ஆண்டுக் குறிப்போ நம் ஊருக்குக் கிடைக்கும் சாட்சி. முதல் வரியை வருகிற ஜூன் 1ஆம் தேதி எழுதுவோம்.